பன்னாட்டு நிதியுதவியும் ஊரக ஏழைப் பெண்களின் வாழ்வாதாரமும்: தருமபுரி முதல் இன்று வரை

ஆய்வுச் சுருக்கம்

ஊரக வறுமையை ஒழிக்கவும் நலிவுற்ற மகளிரின் வாழ்வாதாரத்தை உயர்த்தவும் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் தமிழகத்திற்குப் பன்னாட்டு நிதியுதவி பலமுறை வந்துள்ளது. அவற்றுள் முன்னோடியாக அமைந்தது, வேளாண் மேம்பாட்டிற்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியுடன் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற மகளிர் மேம்பாட்டுத் திட்டமாகும். இத்தகைய உதவி எவ்வகையில் பயன் தருகிறது, எவரை எட்டாமல் போகிறது, அது விலகிய பின் எஞ்சுவது யாது என்னும் வினாக்களை இக்கட்டுரை விளக்கமுறையில் ஆராய்கிறது. வெளியிலிருந்து வந்த நிதியைக் காட்டிலும் அந்நிதியால் உருவான சேமிப்புக் குழு என்னும் அமைப்பே நிலைத்த பயன் என்பதும், அவ்வமைப்பின் உரிமை பெண்களிடம் இருக்கும்வரையே அப்பயன் நீடிக்கும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

குறிச்சொற்கள்: பன்னாட்டு நிதியுதவி, சுயஉதவிக் குழு, தருமபுரி, ஊரக வறுமை, வாழ்ந்து காட்டுவோம், நுண்கடன், வாழ்வாதாரம்

முன்னுரை

சிற்றூர்களில் மாதத்தில் ஒருநாளோ வாரத்தில் ஒருநாளோ பெண்கள் கோயில் திண்ணையிலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ வட்டமாக அமர்ந்து சேமிப்புப் பணத்தை எண்ணுவதும், பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவதும் இன்று எவரையும் வியப்பில் ஆழ்த்தாத காட்சிகள். ‘குழுவுக்குப் போகிறேன்’ என்று ஒரு பெண் சொன்னால் எந்தக் குழு என்று கேட்பாரில்லை. ஆயின் இக்காட்சி தமிழகத்தில் பழைமையானதன்று. ஒரு தலைமுறைக்கு முன்னர் நிலமும் நகையும் இல்லாத பெண்ணொருத்தி வங்கியின் படியேறிக் கடன் கேட்பது நினைத்துப் பார்க்கவும் இயலாத செயலாக இருந்தது. இம்மாற்றத்தின் தோற்றுவாயைத் தேடிச் சென்றால், உரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நிறுவனம் ஒன்றும், வானம் பார்த்த பூமியாகிய தருமபுரியும் ஒருங்கே எதிர்ப்படுகின்றன.

பன்னாட்டு உதவி குறித்து இருவேறு கருத்துகள் வழங்குகின்றன. வறுமையைப் போக்கும் அருமருந்து என்பது ஒன்று. ஏழை நாடுகளைக் கடனாளியாக்கும் சூழ்ச்சி என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளும் உதவியை ஒரே பொருளாகக் கொண்டு பேசுகின்றன. ஊருக்குள் நுழைந்தபின் அது எந்த வழியில் சென்றது, யார் கையை அடைந்தது என்று பிரித்துப் பார்ப்பதே பயனுடைய ஆய்வாகும்.

1. ‘உதவி’ என்னும் சொல்லின் பொருள்

1974ஆம் ஆண்டு உரோமில் நடைபெற்ற உலக உணவு மாநாட்டின் விளைவாக, 1977இல் ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு முகமைகளுள் ஒன்றாக வேளாண் மேம்பாட்டிற்கான பன்னாட்டு நிதியம் தோற்றம் பெற்றது. வளர்ந்த நாடுகளும் எண்ணெய் வளம் மிக்க நாடுகளும் இணைந்து முதலிட்ட இந்நிதியத்தின் பணி, வளரும் நாடுகளின் ஊரக ஏழைகளுக்கு நிதி வழங்குவதாகும்.

இங்கு ஓர் அடிப்படைச் செய்தியை மனங்கொள்ள வேண்டும். பொதுவழக்கில் ‘வெளிநாட்டு உதவி’ எனப்படுவதில் பெரும்பகுதி நன்கொடையன்று; கடனாகும். பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் இந்திய அரசுக்குக் கடன் வழங்கின. நடுவணரசு வழியாக அது மாநிலத் திட்டத்தைச் சென்றடைந்தது. வட்டி குறைவு, தவணைக் காலம் நெடிது என்பனவே சந்தைக் கடனிலிருந்து இதனை வேறுபடுத்துகின்றன. திருப்பிச் செலுத்துவது அரசு. அஃதாவது பொதுமக்களின் வரிப்பணம். எனவே இந்நிதி எவ்வாறு செலவிடப்பட்டது என்று கேட்கும் உரிமை, பயனாளியாகிய பெண்ணுக்கும் வரி செலுத்தும் குடிமக்களுக்கும் ஒருங்கே உண்டு.

2. தருமபுரியில் தொடங்கியது

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. பன்னாட்டு நிதியத்தின் உதவி கிட்டியதும், 1989இல் இந்நிறுவனத்தின் வழியே மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தருமபுரியில் செயற்படத் தொடங்கியது. இன்றைய கிருட்டிணகிரி மாவட்டம் 2004இல்தான் பிரிக்கப்பட்டது. ஆதலின் அன்றைய தருமபுரி பரப்பில் பெரிய மாவட்டமாக விளங்கியது. கேழ்வரகும் கொள்ளும் விளையும் மானாவாரி நிலங்கள், எழுத்தறிவில் மாநிலத்தின் கடைநிலை, பெண்சிசுக் கொலையால் பெற்ற அவப்பெயர் ஆகியவை அம்மாவட்டத்தின் அன்றைய நிலையைக் காட்டுவன. பின்னர்ச் சேலம், அன்றைய தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களுக்கும் இத்திட்டம் படிப்படியாக விரிவடைந்து 1998 வரை நடைபெற்றது.

இத்திட்டத்தில் மூன்று தரப்பினர் இணைந்து பணியாற்றினர். மாநில மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வழிநடத்தியது. தன்னார்வத் தொண்டு நிறுவனங்கள் ஊர்தோறும் சென்று பெண்களைத் திரட்டின. இந்தியன் வங்கி கடன் வழங்கியது. அதற்கு முந்தைய வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பலவும், மானியத்துடன் ஒரு கறவை மாட்டையோ ஆட்டுக்குட்டிகளையோ தனியொரு குடும்பத்திற்கு வழங்கி முடிந்தன. மாடு இறந்தாலோ விற்கப்பட்டாலோ திட்டமும் அத்துடன் முற்றுப்பெற்றது. தருமபுரித் திட்டமோ, பொருளைக் கொடுப்பதற்கு முன்னர்ப் பெண்களைக் கூட்டமாக அமர்த்தியது. களப்பணியாளரின் ஊதியம், ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்குமான பயிற்சி, கணக்கெழுதப் பழக்குதல் ஆகியவற்றிற்குச் செலவு உண்டு. அச்செலவுக்கு உடனடி வருவாய் இல்லை; எனவே வங்கி அதனை ஏற்பதில்லை. ஆண்டிறுதியில் கணக்குக் காட்டத்தக்க பொருள் எதுவும் கிட்டாமையால் அரசுத் துறைகளும் அதற்குத் தயங்கும். இவ்விடைவெளியை நிரப்பியதே பன்னாட்டு நிதியின் தலையாய பங்களிப்பு எனலாம்.

இக்காலத்தில் வேறிடங்களிலும் இணையான முயற்சிகள் நடைபெற்றன. கருநாடகத்தில் ‘மைராடா’ என்னும் தொண்டு நிறுவனம் வளர்த்தெடுத்த கடன் மேலாண்மைக் குழுக்களின் பட்டறிவைத் தொடர்ந்து, 1992ஆம் ஆண்டு தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பதிவு செய்யப்படாத ஒரு குழுவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள இதன்பின் வழி பிறந்தது.

3. குழுவின் உள்ளியக்கம்

பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒரு குழுவாக இணைகின்றனர். ஊக்குநர் ஒருவரையும் பிரதிநிதிகள் இருவரையும் தமக்குள் தெரிவு செய்கின்றனர். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன் வழங்கல், தவறாத திருப்பம், பதிவேடு பராமரிப்பு என்னும் ஐந்து நெறிகளும் குழுவின் தூண்களாகும்.

இதன் பொருளியலை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். இருபது பேர் திங்களுக்கு 20 ரூபாய் சேமித்தால் மாதம் 400 ரூபாய். ஆறு மாதத்தில் 2,400 ரூபாய் சேரும். இத்தொகை சிறிது. ஆயினும் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் தேவைப்படும் 1,000 ரூபாயைத் தருவதற்கு இது போதும். அதே தொகையைக் கந்துவட்டிக்காரரிடம் வாங்கினால், நூற்றுக்கு ஐந்து வட்டி எனில் மாதம் 50 ரூபாயும், பத்து வட்டி எனில் 100 ரூபாயும் செலுத்த வேண்டும். குழுவில் நூற்றுக்கு இரண்டு வட்டி எனக் கொண்டால் 20 ரூபாயே ஆகும். அந்த 20 ரூபாயும் குழுவின் பொது நிதியிலேயே சேர்ந்து, கடன் வாங்கியவரின் பங்காகவும் வளர்கிறது.

சேமிப்பு முதலிலும் வங்கிக்கடன் பின்னரும் வருவதே இம்முறையின் சிறப்பாகும். ஆறு மாதம் சேமித்து, உள்கடன் கொடுத்து வாங்கி, கணக்கை ஒழுங்காக வைத்திருக்கும் குழுவே தரமதிப்பீட்டில் தேர்ச்சி பெற்றுச் சுழல்நிதியும் வங்கிக்கடனும் பெறுகிறது. தம் சொந்தப் பணத்தை நிருவகித்துப் பழகிய பின்னரே பிறர் பணம் பெண்களின் கைக்கு வருவதால், கடனைக் கையாளும் திறன் கடனுக்கு முன்பே உருவாகிறது. பிணையாக வைக்க நிலமோ நகையோ இல்லாதவர்களுக்கு ஒருவரையொருவர் அறிந்திருத்தலே பிணையாகிறது.

பொருளியல் பயனோடு மற்றொரு பயனும் விளைந்தது. கூட்டத்திற்குச் செல்லுதல், வங்கிக்குச் செல்லுதல், வட்டார அலுவலகத்திற்குச் செல்லுதல் என வீட்டின் வாயிற்படியைத் தாண்டுவதற்கு ஊரார் ஏற்கத்தக்க ஒரு காரணம் பெண்களுக்குக் கிட்டியது. கைந்நாட்டு வைத்தவர் கையெழுத்திடக் கற்றனர். குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்கிற்கும் மனு எழுதினர்.

பன்னாட்டு நிதியத்தின் பங்கு நிறைவுறும் தறுவாயில், 1997–98இல் தமிழ்நாடு அரசு தன் சொந்த நிதியில் ‘மகளிர் திட்டம்’ என்னும் பெயரில் இம்முறையைத் தொடங்கிப் படிப்படியாக மாநிலம் முழுவதற்கும் கொண்டு சென்றது. வெளியுதவி நின்றதும் மறைந்துபோன திட்டங்கள் பலவாக, இத்திட்டம் மட்டும் உதவி நின்றபின் பன்மடங்கு பெருகியமை நோக்கத்தக்கது.

4. விடுபட்டவர்கள்

எனினும் சேமிப்பை அடிப்படையாகக் கொண்ட எந்த அமைப்பும், சேமிக்க இயலாதவரை வெளியே நிறுத்திவிடுகிறது. மாதந்தோறும் தவறாமல் பணம் கட்ட வேண்டும் என்பது விதி. ஆண்டில் பாதிநாள் செங்கற்சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு இடம்பெயரும் பெண்ணால் அவ்விதியைக் காக்க இயலாது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைவிடப்பட்டோர் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளக் குழுவினரும் தயங்குவர். ஒருவர் தவறினால் அனைவரின் தரமதிப்பீடும் கெடும் என்னும் அச்சமே காரணம். ஒரே தெரு, ஒரே சாதி என்னும் வரம்புக்குள் குழுக்கள் அமைவதும் உண்டு. ஆக, ஏழைகளுக்காக அமைந்த முறை ஏழைகளுள் சற்று நிலைபெற்றோரிடமே தங்கிவிடும் இடர் எழுகிறது.

இக்குறையைக் களையும் முயற்சியாக, 2005ஆம் ஆண்டு உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கப்பெற்ற ‘வாழ்ந்து காட்டுவோம்’ திட்டத்தைக் கருதலாம். இத்திட்டத்தில் ‘மக்கள் நிலை ஆய்வு’ என்னும் முறையின்படி ஊர் மக்களே கூடி, யார் மிகவும் ஏழை, யார் ஏழை, யார் வசதியுடையவர் என வகைப்படுத்தினர். அப்பட்டியல் கிராம சபையில் ஒப்புதல் பெற்றது. நிதி நேரடியாகக் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்திற்கு வழங்கப்பட்டது. அதன் செலவைச் சமூகத் தணிக்கைக் குழு கண்காணித்தது. மாற்றுத்திறனாளிகளும் நலிவுற்றோரும் தனிக்கவனம் பெற்றனர். அலுவலகத்தில் அமர்ந்து வறியோர் பட்டியல் தயாரிக்கும் வழக்கத்திலிருந்து இது விலகியது.

மிகவும் வறியவருக்குக் கடன் ஏற்ற கருவிதானா என்னும் வினாவும் உலக அளவில் எழுந்துள்ளது. வங்காளதேசத்தில் ‘பிராக்’ நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டம், மிகவும் வறிய பெண்களுக்குக் கடன் கொடுப்பதற்கு மாறாக ஆடு, மாடு போன்ற வருவாய்தரும் உடைமையை இலவசமாக வழங்கியது. அதனோடு சிறிதுகாலம் உணவுக்கான உதவித்தொகையும், பயிற்சியும், களப்பணியாளரின் தொடர் வருகையும் சேர்ந்தன. இம்முறையை எத்தியோப்பியா, கானா, ஒண்டுராசு, இந்தியா, பாக்கித்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் வெளியான ஆய்வு, உதவி முடிந்து ஓராண்டு கழிந்த பின்னும் அக்குடும்பங்களின் நுகர்வும் உடைமையும் உயர்ந்தே இருந்ததைக் காட்டியது. அதே ஆண்டில், நுண்கடனைப் பற்றி ஆறு நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் ஒருங்கே வெளிவந்தன. நுண்கடன் சிலருக்குத் தொழிலை விரிவாக்கும் வாய்ப்பைத் தருகிறது. ஆயின் சராசரி ஏழைக் குடும்பத்தின் வருவாயை அது தலைகீழாக மாற்றிவிடுவதில்லை என்பது அவற்றின் பொதுமுடிவாகும். பசித்தவருக்கு முதலில் வேண்டுவது கடன்சுமை அன்று, காலூன்ற ஒரு நிலம் என்பதை இவ்விரு முடிவுகளையும் இணைத்து நோக்கி அறியலாம்.

5. கடன் யார் பெயரில், பயன் யார் கையில்

பெண்ணின் பெயரில் கடன் வழங்கப்படுவதால் அப்பணம் பெண்ணின் கையில் இருக்கிறது எனக் கொள்ள இயலாது. 1996ஆம் ஆண்டு ஆன் மேரி கோட்சு, ரீனா சென் குப்தா ஆகியோர் வங்காளதேசத்தை மையமாகக் கொண்டு வெளியிட்ட ஆய்வு, கணிசமான பெண்கள் தாம் பெற்ற கடனின் மீது முழுக்கட்டுப்பாடு இல்லாதிருந்ததைச் சுட்டிக்காட்டியது. கடனைப் பயன்படுத்தியவர் ஆண். தவணைக்குப் பொறுப்பேற்றவர் பெண். நைலா கபீர் பின்னர் இதனை மறுபரிசீலனை செய்து, குடும்பத்திற்குக் கடன் கொண்டுவருபவர் என்னும் நிலையே பெண்ணின் மதிப்பை உயர்த்துவதாகப் பெண்கள் கருதுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என வாதிட்டார். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும் என்பதே களநிலை.

2004 திசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரைக்குப் பெருமளவில் வந்த உதவியும் இதற்குச் சான்றாகும். வந்த நிதி முதலில் படகாக மாறியது. படகு ஆண்களின் உடைமை. அதன் எண்ணிக்கை தேவைக்கு மிஞ்சியும் போயிற்று. மீனைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்ற பெண்களின் கூடையும், எடைக்கல்லும், கைமுதலும் கடலோடு போனமை கணக்கெடுப்பில் பின்தங்கியே இடம்பெற்றது. அரசு கட்டித்தந்த வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்யும் நடைமுறை வகுக்கப்பட்டமை, இச்சூழலில் பெண்ணுரிமையைக் கருத்திற்கொண்ட நன்முயற்சியாகும். எழுதப்பட்ட உரிமை ஒன்றே, உதவியாளர் சென்றபின்னும் பெண்ணுக்குத் துணைநிற்பது.

6. கைமாறிய குழு வடிவம்

பெண்கள் கடனைத் தவறாமல் திருப்பிச் செலுத்துவர் என்பதை உலகறியச் செய்தவை கிராமின் வங்கியும் சுயஉதவிக் குழுக்களுமே. இவ்வுண்மையைத் தனியார் நுண்கடன் நிறுவனங்களும் கண்டுகொண்டன. அவையும் பெண்களைச் சிறுகுழுவாக அமர்த்துகின்றன; கூட்டம் நடத்துகின்றன; ஒருவர் தவறினால் மற்றவர் கட்டவேண்டும் என்கின்றன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் உள்ளியக்கம் வேறு. சுயஉதவிக் குழுவில் சேமிப்பு உண்டு, பொது நிதி உண்டு, கணக்கேடு பெண்களிடமே இருக்கிறது, வட்டி குழுவுக்கே திரும்புகிறது. நிறுவனக் குழுவில் சேமிப்பில்லை, கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது, வட்டி வெளியேறிவிடுகிறது. முன்னதில் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் பாதுகாப்பாகப் பயன்பட்டது. பின்னதில் அதுவே வசூலிக்கும் கருவியாயிற்று.

2010ஆம் ஆண்டு ஆந்திரப் பிரதேசத்தில் இதன் விளைவு வெடித்தது. ஒரே பெண் பல நிறுவனங்களிடம் கடன்பட்டு, ஒன்றை அடைக்க மற்றொன்றை வாங்கி, வசூல் நெருக்கடிக்கு ஆளாகியதாகவும் தற்கொலைகள் நிகழ்ந்ததாகவும் செய்திகள் வெளிவந்த நிலையில், அம்மாநில அரசு அக்டோபர் திங்களில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. தமிழகத்திலும் கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கடன் வழங்கும் நிறுவனங்கள் வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்க 2025இல் சட்டமன்றம் தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்ற வேண்டிய தேவை ஏற்பட்டது. கந்துவட்டியிலிருந்து மீட்கவென்று தோன்றிய முறையின் சாயலிலேயே புதிய கடன்வலை பின்னப்பட்டது என்பது, இத்துறையில் பணியாற்றுவோர் ஆழ்ந்து எண்ணவேண்டிய செய்தியாகும்.

இந்திய அரசு 2011இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்திற்கும் உலக வங்கி 100 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. குழுக்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளாக இணைவது இன்று பரவலாகியுள்ளது. தனிக்குழுவால் இயலாத பேரத்தைக் கூட்டமைப்பால் நிகழ்த்த முடியும். ஆயின் கடன் இலக்கை எட்டுவதே வெற்றியின் அளவுகோலாகிவிட்டால், குழு என்பது கடன் வாங்கும் வரிசையாகச் சுருங்கிவிடும்.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பன்னாட்டு உதவியின் நிலைத்த பயன், அது வழங்கிய தொகையில் இல்லை. வங்கியும் அரசும் செலவிடத் தயங்கிய அமைப்பாக்கப் பணிக்கு அது காலமும் பொருளும் தந்தமையில் உள்ளது. தருமபுரியில் பயிற்சிக்கும் கணக்கெழுதக் கற்பித்தலுக்கும் ஆன செலவே பின்னர் மாநிலம் தழுவிய இயக்கமாக விளைந்தது.

சேமிப்பும் கடனும் அனைத்து ஏழைகளுக்கும் ஒரே மருந்தாகா. மிகவும் வறியவருக்கு உடைமையும் உணவுப் பாதுகாப்பும் முதலில் வேண்டும். அவர்களைத் தேடிக் கண்டறியும் பொறுப்பை ஊர் மக்களிடமும் கிராம சபையிடமும் ஒப்படைப்பது பயன் தரும்.

பெண்ணின் பெயரில் கடன் இருப்பதைக் காட்டிலும் பெண்ணின் பெயரில் வீடும் நிலமும் இருப்பது உறுதியான முன்னேற்றமாகும். எத்தனை கோடி கடன் வழங்கப்பட்டது என்னும் எண்ணோடு, எத்தனை பெண்கள் தம் பெயரில் உடைமை பெற்றனர் என்பதையும் திட்ட அறிக்கைகள் கணக்கிட வேண்டும்.

ஒரு குழு பெண்களுடையதா, பெண்களை வைத்து நடத்தப்படுவதா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. கணக்கேடு யாரிடம் இருக்கிறது, வட்டி எங்கே சேர்கிறது என்று கேட்டால் போதும். இவ்விரு வினாக்களுக்கும் ‘எங்களிடம்’ என்று அப்பெண்கள் விடைகூறும் இடத்தில், உதவி வந்த நோக்கம் நிறைவேறியது எனலாம்.